பக்கத்துல உட்கார்றவங்க பொழப்பு: காசியிலிருந்து ஒரு தபலா டைரி

புதன்

அக்கா பொண்ணு பிளஸ் டூ பரீட்சை எழுதி முடிச்ச கையோட, இன்ஜினியரிங் கவுன்சிலிங் எல்லாம் வேணாம், பனாரஸ் போய் தபலா படிக்கப் போறேன்னு வீட்ல சொல்லிட்டா. சின்ன வயசுலேர்ந்து சென்னையில ஒரு வாத்தியார்கிட்ட கத்துக்கிறவதான், கை நல்லா பேசும், ஆனாலும் அக்காவுக்கும் அத்தானுக்கும் பாட்டிக்கும் ஒரே கேள்வி, அது சோறு போடுமா. நியாயமான கேள்விதான். எங்க குடும்பத்துல யாருக்கும் தபலா வாசிச்சே குடும்பம் நடத்துறவங்க பொழப்பு எப்படின்னு தெரியாது, அதனால யார்கிட்டயும் பதில் இல்ல. சரி நான் போய் நாலு பேரைப் பாத்துக் கேட்டுட்டு வரேன்னு கங்கா காவேரி புடிச்சு வந்துட்டேன். ஏப்ரல் மாசம், சங்கட் மோசன் கோயில்ல சங்கீத விழா நடக்குற சமயம், இதைவிடத் தோதான நேரம் அமையாது. பாத்ததை அன்னன்னிக்கு எழுதிப் போடுறேன், இதே கேள்வியோட உக்காந்திருக்கிற வேற வீடுகளுக்கும் உதவும்.

ரூம் கேதார் காட் பக்கம். குமரகுருபரர் மடம் இங்கதான், சந்துல நடந்தா தமிழ் காதுல விழுது, காலையில இட்லி கிடைக்குது. குளிச்சுட்டு நேரா கபீர் சௌரா போனேன்.

மைதாகின்லேர்ந்து லஹுராபீர் போற ரோட்ல இருக்கு. வெளிய பாத்தா கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, வரிசையா மருந்துக்கடை, ஈ-ரிக்ஷா ஹாரன், அவ்வளவுதான். ஆனா சந்துக்குள்ள திரும்பினா கபீர்தாஸ் மடம், அதைச் சுத்தி இருக்குற வீடுகள்ல ரெண்டு நூற்றாண்டா சங்கீதம். பண்டிட் கிஷன் மகராஜ், சாம்தா பிரசாத் (ஊர்ல எல்லாரும் குதாய் மகராஜ்னுதான் சொல்றாங்க), கதக் நடனம் ஆடின சிதாரா தேவியோட குடும்பம், கயால்ங்கிற ஹிந்துஸ்தானி பாட்டு வகை பாடின ராஜன் சாஜன் மிஸ்ரா சகோதரர்கள், எல்லாரும் இந்த ஒரு பேட்டைக்காரங்க. நடந்தே சுத்தி வந்துடலாம், அவ்வளவு சின்ன இடம்.

தபலாவுல தில்லி, அஜ்ராடா, லக்னோ, ஃபரூக்காபாத், பனாரஸ், பஞ்சாப்னு ஆறு கரானா, அதாவது குரு பரம்பரையா வர்ற வாசிப்பு பாணி. பனாரஸ் கரானா ஆரம்பிச்சவர் பண்டிட் ராம் சஹாய், 1780-ல பொறந்தவர். லக்னோ போய் உஸ்தாத் மோது கான்கிட்ட குருகுலமா இருந்து பல வருஷம் கத்துக்கிட்டு ஊர் திரும்பி இந்த பாணியை உண்டாக்கினார். அந்தப் பரம்பரையில ஒரு கதை சொல்றாங்க, மோது கான் ஊர்ல இல்லாதப்ப அவரோட மனைவி, பஞ்சாப் உஸ்தாத் ஒருத்தரோட பொண்ணு, தன் பிறந்த வீட்டு கத்துகளை (தபலாவுக்குன்னு கட்டி வெச்ச வாசிப்புத் துண்டுகள்) ராம் சஹாய்க்குச் சொல்லிக் கொடுத்தாங்களாம். மேடையில பொம்பளைங்க தபலா வாசிக்காத காலத்துல ஒரு கரானாவோட வேர்ல ஒரு அம்மா இருக்காங்கன்னா அதை நான் அக்கா பொண்ணுக்கு முதல்ல சொல்லணும்னு அங்கயே நின்னு போன்ல டைப் பண்ணி அனுப்பினேன்.

இன்னொண்ணு மனசுல தங்கிடுச்சு. கிஷன் மகராஜ் 1923-ல கிருஷ்ண ஜெயந்தி அன்னிக்குப் பொறந்தவர், பேரே அதனால வந்தது. அப்பா தவறினதும் அப்பாவோட சகோதரர் கண்டே மகராஜ்தான் வளத்து வாத்தியம் கொடுத்தார். சாம்தா பிரசாத்துக்கு 7 வயசுல அப்பா போயிட்டார், பிக்கு மகராஜ் எடுத்துக்கிட்டார். அனோகேலால் மிஸ்ரா, சின்ன வயசுலயே அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்ல, பாட்டி வளத்த புள்ள, பைரவ் பிரசாத் மிஸ்ரா சிஷ்யனா சேத்துக்கிட்டார். மூணு பேரும் பின்னாடி நாடே தலையில வெச்சுக் கொண்டாடினவங்க. மூணு பேருக்கும் சின்ன வயசுல அப்பா இல்ல, யாரோ ஒருத்தர் கையைப் புடிச்சு உக்கார வெச்சிருக்கார். கரானான்னா ரத்த உறவுன்னு வெளியிலேர்ந்து நாம நினைக்கிறோம், பாதிதான் உண்மை, மீதி பாதி இப்படி அடுத்த வீட்டுப் பிள்ளையை எடுத்துக்கிட்ட மனுஷங்க. தபலாக் குடும்பத்துல பொறக்காத பொண்ணை அனுப்பப் போற எனக்கு இது பெரிய தெம்பு.

வியாழன்

வெயில் பதினோரு மணிக்கே மண்டையைப் பொளக்குது. இன்னிக்குப் பூரா ஒரு தபலா செய்றவர் கடையில உக்காந்திருந்தேன், கடைன்னா ஒரு ஆள் கால் நீட்டினா நிரம்பிடுற இடம், அவரும் பையனும் வேலை பாக்குறாங்க, நான் படியில.

வலது கைக்கு தாயான், மரம், பெரும்பாலும் ஷீஷம். இடது கைக்கு பாயான், செம்பு இல்லன்னா பித்தளை. ரெண்டுக்கும் மேல ஆட்டுத்தோல். தோலைச் சுத்திப் பின்னின கஜ்ரா, அதுலேர்ந்து கீழ இறங்குற தோல் வார், வாருக்கும் மரத்துக்கும் நடுவுல செருகின உருளைக் கட்டைகள், அதுக்கு கட்டான்னு பேரு. சுருதி கூட்ட கட்டாவைச் சுத்தியல்ல கீழ தட்டணும், நைசா சரி பண்ண கஜ்ரா மேல தட்டணும்.

அவர் கறுப்பு மை வெக்கிறதைத்தான் நான் கண்ணெடுக்காம பாத்தேன், ஸ்யாஹின்னு சொல்றாங்க. இரும்புத்தூளும் மாவுப் பசையும் சேத்துக் குழைச்ச கலவை, ஒரு துளி எடுத்து விரலால வட்டமா மெலிசா இழுக்குறார், கொஞ்சம் காயவிட்டு வழுவழுப்பான ஒரு கல்லை எடுத்து தேய்க்க ஆரம்பிக்கிறார். தேய்ச்சுக்கிட்டே இருக்கார். கர்ர் கர்ர்னு ஆரம்பிச்ச சத்தம் மெதுவா மாறி ஒரு கட்டத்துல வழுக்கிப் போகுது, அப்பத்தான் அடுத்த பூச்சு, முன்னதைவிட கொஞ்சம் சின்ன வட்டம். இப்படி அடுக்கடுக்கா. குனிஞ்சு பாத்தா மை முழுக்க மயிரிழை மாதிரி வெடிப்பு, வெடிச்சிருக்கேன்னு கேட்டதுக்கு, வெடிக்கலைன்னாதான் கெட்டது, கல் தேய்க்கிறதே அதுக்குத்தான், ஒரே கட்டியா இருந்தா தோல் அசையாது, சத்தம் செத்துடும்னார். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவுல விரலால தட்டிக் கேட்டுக்கிட்டே இருக்கார், மீட்டர் கீட்டர் எதுவும் கிடையாது.

இதுல நம்மூர்க்காரர் ஒருத்தரைச் சொல்லாம விட முடியாது, திருச்சியில பொறந்த சர் சி.வி. ராமன். சாதாரணமா ஒரு தோலைத் தட்டினா வர்ற அதிர்வுகள் ஒண்ணுக்கொண்ணு சுருதியில சேராது, அதனாலதான் பெரும்பாலான மேளத்துல சத்தம் வருமே தவிர ஸ்வரம் வராது. நடுவுல இந்த கறுப்பைப் பூசினதும் அந்த அதிர்வுகள் நகர்ந்து ஒழுங்கான மடங்குகள்ல வந்து உக்காருது, மிருதங்கத்துக்கும் தபலாவுக்கும் வீணைத் தந்தி மாதிரி சுத்தமான ஸ்வரம் கிடைக்குறது அதனாலதான். 1920-லயே இதை நேச்சர் பத்திரிகைக்கு எழுதினார், 1934-ல விரிவா ஒரு கட்டுரை, முதல் ஒன்பது அதிர்வுகள் அஞ்சு ஸ்வர மடங்குகளா சேர்றதை அதுல காட்டியிருக்கார். கடைக்காரருக்கு என் அரைகுறை ஹிந்தியில இதைச் சொன்னேன், ரொம்ப கவனமா கேட்டுட்டு, எங்க தாத்தா காதும் அதைத்தான் சொல்லுச்சுன்னார். பெருமையா சொன்னார், எனக்கும் பெருமையா இருந்துச்சு.

சாயங்காலம் அக்கா பொண்ணு போன் பண்ணா.

"மாமா, அளவு கேட்டீங்களா?"

கேட்டேன். பாடுற ஆம்பிளைங்க பலருக்கும் ஒன்றரைக் கட்டை சுருதி பக்கம், அதுக்கு அஞ்சேகால் அஞ்சரை இன்ச் வாய் உள்ள தாயான். பாடுற பொம்பளைங்களுக்கு அஞ்சரை, ஆறு கட்டைன்னு போகும், அதுக்கு ஆறு இன்ச் பக்கம் பெருசா வேணும். சிதாருக்கு ஒண்ணு, புல்லாங்குழலுக்கு ஒண்ணு. ஒரே தாயானை முறுக்கி முறுக்கி எல்லா சுருதிக்கும் ஏத்தினா தோல் கிழிஞ்சிடும், அதனால சங்கத், அதாவது பக்கவாத்தியம், வாசிக்கிறவர்கிட்ட நாலஞ்சு தாயானாவது இருக்கணும், ரெண்டு மூணைத் தூக்கிக்கிட்டு ரயில் ஏறணும், வெயில்ல சுருதி ஏறும், மழையில இறங்கும், ஏசி ஹால்ல எது நடக்கும்னு போய்த்தான் பாக்கணும். முதலீடு இல்லாத தொழில்னு யாராச்சும் நினைச்சா அது தப்பு.

வெள்ளி

இன்னிக்குப் பாத்தவர் பேரை அவர் கேட்டுக்கிட்டதால போடல. அம்பது வயசைத் தாண்டினவர், ஆல் இந்தியா ரேடியோவுல ஏ கிரேடு. அவங்க தேர்வு பி, பி ஹை, ஏ, டாப்னு படிப்படியா போகும், டாப் வாங்கினவங்க கொஞ்சம் பேர்தான். வீட்டு மாடியில ஒரு ரூம், சுவர்ல குரு படம், கீழ பாய். அவர் உக்காந்த விதமே வேற, நம்ம மாதிரி சம்மணம் போடல, பனாரஸ் பழைய ஆளுங்க மாதிரி காலைப் பின்னால மடிச்சு முட்டி போட்டு உக்காந்தார், தோள்லேர்ந்து பலம் இறங்கும்னார்.

குழந்தையா இருக்கும்போது கண்டா கட்டினாங்க, அதாவது குரு சிஷ்யன் மணிக்கட்டுல கயிறு கட்டி ஏத்துக்கிற சடங்கு. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா ஒரு தேகா (தாளத்தோட அடிப்படை அடிக்கோர்வை), ரெண்டு காயதா (விரிச்சு விரிச்சு வாசிக்கிற பாடம்), அதே. வயசுப் பையனா சில்லா இருந்திருக்கார், 40 நாள் வெளி உலகத்தோட சம்பந்தமில்லாம வாசிக்கிறது. விரல் ஓரத்தைக் காட்டினார், காய்ப்பு ஏறி பளபளன்னு இருந்துச்சு.

நான் நேராவே கேட்டேன், அண்ணே, குடும்பம் எப்படி நடக்குது. அவரும் மறைக்காம சொன்னார். காலையில இருட்டோட வெளிநாட்டு சிஷ்யர்களுக்கு வீடியோவுல கிளாஸ், அவங்களுக்கு அது ராத்திரி. அப்புறம் ஒரு டான்ஸ் ஸ்கூல்ல கதக் வகுப்புக்கு வாசிக்கப் போறது, மாசச் சம்பளம், அதுதான் அரிசி பருப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வர்ற பசங்க. கச்சேரி சீசன் குளிர்காலம், நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும், அதுல பத்துக்கு ஒன்பது சங்கத், அதாவது யாரோ பாட, யாரோ சிதார் வாசிக்க, இவர் பக்கத்துல. தனி வாசிப்பு எப்பவாச்சும். சங்கத்துக்கு எவ்வளவு காசுன்னு பெரும்பாலும் நடுவுல உக்கார்றவங்கதான் முடிவு பண்றாங்க, பெரிய மனசுக்காரங்க நல்லா கொடுப்பாங்க, சிலர் பஸ் செலவுக்கு மேல கொஞ்சம். போஸ்டர்ல பேர் கடைசி வரி, சில நேரம் அதுவும் இருக்காது. ஒரு ஊர்ல ஒரு பெரிய பாடகர் முழு ராத்திரி பாடி முடிச்சு, கூட்டத்துக்கு எல்லாரையும் அறிமுகப்படுத்திட்டு இவர் பேரை மட்டும் சொல்லாம எழுந்திருச்சுட்டாராம், வருஷம் ஓடிப்போச்சு, சொல்லும்போது இன்னும் குரல் மாறுது.

இதுக்குப் பின்னால பழைய காயம் ஒண்ணு இருக்கு. ஒரு காலத்துல தபலாக்காரரும் சாரங்கிக்காரரும் தால்மண்டி மாதிரி தெருக்கள்ல பாடி ஆடின பெண்களுக்குத்தான் வாசிச்சாங்க, தபலாவை இடுப்புல கட்டிக்கிட்டு நின்னபடியே ராத்திரி முழுக்க. அந்தப் பெண்கள்தான் தும்ரி, தாத்ராங்கிற பாட்டு வகைகளைக் காப்பாத்திக் கொடுத்தவங்க. ஆனா ஊர் அவங்களைத் தள்ளி வெச்சப்ப பக்கத்துல உக்காந்தவங்களையும் சேத்தே தள்ளி வெச்சுச்சு, ராஜா போய், ஜமீன் போய், ரேடியோவும் காலேஜும் வந்த பிறகும் பக்கவாத்தியக்காரன் ஒரு படி கீழங்கிற பழக்கம் மட்டும் போகல. நடுவுல உக்கார்றவங்க பல பேரு அந்தப் பழக்கத்தால லாபம் அடைஞ்சாங்கங்கிறது என் அபிப்பிராயம், அவர் அப்படிச் சொல்லல.

மாத்தினவங்களும் இருக்காங்க. 1955-ல சரோத் வாசிக்கிற அலி அக்பர் கான் நியூயார்க் போனப்ப பக்கத்துல தபலாவுக்கு சதுர் லால். அடுத்து ரவி சங்கர் மேடையிலயே தபலாவுக்கு இடம் விட்டு, நேரம் கொடுத்து, கூட்டத்தைப் பாத்துப் பேர் சொன்னார், அவருக்கு வாசிச்ச அல்லா ரக்கா 1967-ல மாண்ட்டரே, 1969-ல உட்ஸ்டாக்னு அமெரிக்க இசை விழாக்கள்ல வாசிச்சு உலகத்துக்கே தெரிஞ்ச ஆளானார். அவர் மகன் ஜாகிர் ஹுசைனைப் பத்தி நான் சொல்லணுமா. சக்தி இசைக்குழுவுல நம்ம விக்கு விநாயக்ராம் கடத்தோட உக்காந்து வாசிச்சது, 1992-ல ப்ளானட் டிரம் ஆல்பத்துக்கு ரெண்டு பேருக்குமே கிராமி, 2024 பிப்ரவரியில ஒரே ராத்திரியில மூணு கிராமி, அதே வருஷம் டிசம்பர் 15 அன்னிக்கு சான் பிரான்சிஸ்கோவுல போயிட்டார், 73 வயசு. உலகமே டிக்கெட் வாங்கிப் பாத்த மனுஷன், கடைசி வரைக்கும் அடுத்தவங்க பக்கத்துல உக்காந்து வாசிக்கிறதை விடல. பல வருஷம் சந்தூர் வாத்தியம் வாசிக்கிற சிவகுமார் சர்மா பக்கத்துல வாசிச்சார், 2022 மே மாசம் சிவகுமார் சர்மா தவறினப்ப ஜாகிர் தோள் கொடுத்துப் பாடை தூக்கின போட்டோ பல பேர் பாத்திருப்பீங்க. மாடியில அந்த அண்ணன் சொன்னது ஒண்ணுதான், அந்த போட்டோவை என் பசங்களுக்குக் காட்டுறேன், ஸ்பீடு வீடியோவை இல்ல.

அனோகேலால் பத்தி பேச்சு வந்ததும் அவர் குரலே மெதுவாயிடுச்சு. சும்மா நா தின் தின் நா, அத்தனை பேரும் முதல் நாள் கத்துக்கிறது, அதை எவ்வளவு வேகத்துக்குக் கொண்டு போனாலும் ஒவ்வொரு அட்சரமும் தனித்தனியா கேக்குமாம், அதுக்காகவே பேர் வாங்கினவர். 1958-ல காலில் சதை அழுகல் நோய் வந்து இறந்தார், வயசு 44. அவ்வளவு பெரிய கலைஞர் அந்த வயசுல போனதை நினைச்சா எனக்கு இப்பவும் ஆறல.

சனி, ராத்திரி முழுக்க முழிச்சிருந்து ஞாயிறு விடியக்காலையில எழுதுறது

சங்கட் மோசன் விழா 1923-ல ஆரம்பிச்சது. டிக்கெட் கிடையாது. வாசிக்கிறவங்க யாரும் காசு வாங்குறதில்ல, அனுமார் முன்னால ஹாஜ்ரி, அதாவது வந்தேன்னு வருகை, போடுறதுன்னு சொல்றாங்க, பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் வந்து வாசிச்சுட்டு பிரசாதம் வாங்கிட்டுப் போறாங்க. 2015-ல பாகிஸ்தான்லேர்ந்து குலாம் அலி வந்து பாடினதும் இங்கதான். சாயங்காலம் ஆரம்பிச்சு விடியற வரைக்கும், இப்படி அடுத்தடுத்த ராத்திரிகள். முற்றம் நெறைய ஜனம், ரிக்ஷாக்காரர் பக்கத்துல புரொபசர், பின்னால ஒரு பாட்டி பாதி தூக்கத்துல சரியா சமத்துல, தாளச் சுத்தோட முதல் அடியில, தலையை ஆட்டுது.

நள்ளிரவு தாண்டி ஒரு அம்மா கயால் பாட உக்காந்தாங்க, பாகேஸ்ரீ ராகம், விளம்பித் (ரொம்ப மெதுவான காலம்) ஏக்தால்ங்கிற தாளம். முப்பது முப்பத்தஞ்சு வயசு இருக்கும் தபலாக்காரருக்கு. தம்பூரா ஆரம்பிச்சதும் கஜ்ராவைச் சுத்திச் சுத்தித் தட்டி சுருதி சேத்தார், வெக்கையில தோல் இறுகி ஏறிக்கிட்டே இருந்துச்சு, பாட்டு நடுவுலயும் ஒரு கை தாளத்தை விடாம இன்னொரு கை சுத்தியலை எடுத்து ஒரே ஒரு தட்டு தட்டி இறக்கிச்சு.

நம்ம கச்சேரி கேட்டே வளந்தவங்களுக்கு இதைச் சொல்லியாகணும். நம்ம பாடகர் தொடையில தாளம் போடுவார், தாளம் அவர் கையில, மிருதங்கம் பாட்டோட சேந்து போகும், அலங்கரிக்கும், தனி ஆவர்த்தனத்துல வெளுத்து வாங்கும். இங்க பாடுறவங்க கையில தாளம் கிடையாது. தபலா போடுற தேகாதான் தாளம், அது நகந்தா மொத்தமும் நகந்துடும். ஏக்தால் 12 மாத்திரை, அதாவது 12 அடி, அவங்க எடுத்த காலத்துல ஒரு சுத்து சுத்தி வர கிட்டத்தட்ட ஒரு நிமிஷம். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல அஞ்சு செகண்டு. அந்த அஞ்சு செகண்டை மெலிசான சின்னச் சின்ன அடியால நிரப்பி, வேகம் ஒரு இழை கூடாம குறையாம, அவங்க ஸ்வரத்துல முங்கி எங்கயோ போயிருக்கும்போது இப்ப எந்த மாத்திரையில இருக்கோம்னு காதுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கணும். பாயானோட கும்முனு வர்ற சத்தம் சுத்தோட நடுப்பகுதியில நின்னுடும், அது நின்னதை வெச்சுத்தான் பாடுறவங்க பாதி தூரம் வந்துட்டோம்னு தெரிஞ்சுக்குவாங்க. சத்தம் போடாம விடுறதுகூட இதுல ஒரு சேதி.

அவர் இடது கையை மட்டும் நான் பாத்துக்கிட்டு இருந்தேன். உள்ளங்கை அடிப்பகுதி தோல்மேல படிஞ்சு கொஞ்சமா முன்னால நகரும், கும் வளைஞ்சு மேல ஏறும். சில இடத்துல நகத்தவே இல்ல, ஏன்னா அந்த அம்மா காந்தாரத்துல நின்னுக்கிட்டு இருந்தாங்க, அப்ப இன்னொரு வளைவு குறுக்க வரக்கூடாது. ஒரு தடவை அவங்க பத்தாவது மாத்திரை தாண்டியும் விடாம இழுத்துக்கிட்டே போக, எனக்கு நெஞ்சு அடிச்சுக்குச்சு, இவர் அவசரப்படல, கூட ஒரு அடி சேக்கல, தன் வழியில வந்தார், ரெண்டு பேரும் சமத்துல வந்து சேந்தப்ப கூட்டம் ஹர ஹர மகாதேவ்னு எழுந்துடுச்சு. அந்த அம்மா திரும்பி அவரைப் பாத்து சிரிச்சாங்க. விரல் வித்தையே இல்லாம ஒரு மணி நேரம் வாசிச்ச அந்த வாசிப்புதான் இந்தப் பயணத்துல நான் கேட்டதுலயே உசத்தி.

அடுத்து ஒருத்தர் தனி, ஹார்மோனியம் ஒரே லெஹரா மெட்டைச் சுத்திச் சுத்திப் போட, உடான்ல ஆரம்பிச்சார், அது பனாரஸ் வழக்கம், ஆரம்பமே இடி. கத்து, பரன்னு கட்டின துண்டுகள், கடைசியில படு வேகமான ரேலா. கூட்டம் கத்து கத்துன்னு கத்திச்சு, நானும் கை வலிக்கத் தட்டினேன். நல்லா இருந்துச்சு. ஆனா யூட்யூப்ல இதை மட்டும் பாத்துட்டு தபலாக்குள்ள வர்ற பசங்க முன்னால அந்த அம்மா பாட்டுக்கு வாசிச்ச சங்கத்துக்குக் காது கொடுக்கணும், ஏன்னா பிழைக்கப் போறது அதை வெச்சுத்தான்.

அதுக்கப்புறம் கதக். அது வேற உலகம், ஆடுறவங்க காலைப் பாத்துக்கிட்டே வாசிக்கணும். விடிஞ்சதும் வெளிய வந்து லால் பேடா வாங்கினேன்.

ஞாயிறு, சாயங்காலம்

தூங்கலாம்னு பாத்தேன், அஸ்ஸி காட்ல சுபஹே பனாரஸ் நடக்குமேன்னு நேரா அங்க போயிட்டேன். 2014-லேர்ந்து தெனம் விடியக்காலையில ஆரத்தி, அப்புறம் ஒரு ராகம், வளர்ற பசங்களுக்கு மேடை. இன்னிக்கு ஒரு பையன் புல்லாங்குழல், ஒரு பொண்ணு தபலா. முடிஞ்சதும் போய் பேசினேன், பிஎச்யூல (பனாரஸ் ஹிந்து பல்கலைக்கழகம்) பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸ் படிக்கிறாளாம், பீஹார் பக்கம் ஒரு சின்ன ஊர், குடும்பத்துல யாருக்கும் சங்கீதம் தெரியாது. அக்கா பொண்ணைப் பத்திச் சொன்னதும் கேக்காமலே எல்லாம் சொன்னா. ஹாஸ்டல்ல சாதகம் பண்ண இடம் புடிக்கிறது ஒரு போராட்டம், விடியக்காலையில எழுந்திருச்சுப் போய்டணும். முதல் வருஷம் பாட்டு டிபார்ட்மெண்ட்ல சங்கத்துக்கு ஆள் தேடினா பசங்களைத்தான் கூப்பிட்டாங்களாம், இவ கூப்பிடாமலே பாட்டு கிளாஸ் மூலையில தபலாவோட போய் உக்காந்து தேகா மட்டும் வாசிச்சுக்கிட்டே இருந்திருக்கா, ரெண்டாவது வருஷம் பாடுற பொண்ணுங்களே இவளைத் தேட ஆரம்பிச்சுட்டாங்க. அபான் மிஸ்த்ரி, அனுராதா பால், ரிம்பா ஷிவான்னு முன்னால போனவங்க பேரை மடமடன்னு சொன்னா. அனுராதா பால் அல்லா ரக்காகிட்டயும் ஜாகிர்கிட்டயும் கத்துக்கிட்டவங்க.

வேலை? எம்ஏ முடிச்சு நெட் தகுதித் தேர்வு எழுதினா காலேஜ் வாத்தியார் வேலைக்கு முயற்சி பண்ணலாம், இடம் ரொம்பக் கம்மி. ஸ்கூல் மியூசிக் டீச்சர். ரேடியோ ஆடிஷன். கதக் வகுப்பு. ஆன்லைன். கச்சேரிய நம்பி முதல் பத்து வருஷம் வாடகை கொடுக்க முடியாது அண்ணா, ஆனா கச்சேரி இல்லாம இதைப் படிக்கிறதுல அர்த்தமும் இல்லன்னு சொன்னா.

ரூமுக்கு வந்து அக்காவுக்கு போன் போட்டேன், அத்தானும் ஸ்பீக்கர்ல. எல்லாத்தையும் அப்படியே சொன்னேன், காசு விஷயம், போஸ்டர்ல கடைசி வரி, பாடகர் பேர் சொல்லாம எழுந்து போனது, ராத்திரி கேட்ட ஏக்தால், அஸ்ஸி காட் பொண்ணு. சோறு போடும், ஆனா டீச்சிங்கும் வகுப்பும் சேத்துத்தான் போடும், மேடை தனியா போடாதுன்னேன். அத்தான் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "டிகிரி கிடைக்கும்ல? ஹாஸ்டல் இருக்குல்ல? அப்ப அப்ளிகேஷன் போடட்டும்"னார். அக்கா மட்டும், அந்த வெயில்ல எப்படிடா இருப்பான்னு கேட்டா.

அக்கா பொண்ணுகிட்ட நான் ஒண்ணுதான் கேட்டுக்கிட்டேன். மாடியில பாத்த அண்ணன் சொல்லியனுப்பினதுதான் அது. வர்றதுக்கு முன்னால தெனம் தம்பூரா ஆப்பைப் போட்டுட்டு விளம்பித் ஏக்தால் மட்டும், வேற எதுவும் சேக்காம, அரை மணி நேரம் போடச் சொல்லுங்க, சாதகத்துல அதைத்தான் முதல்ல கேப்பேன்னார். ஆறு இன்ச் தாயான் ஒண்ணுக்குக் கடையில அட்வான்ஸ் கொடுத்துட்டேன், மை காய நாளாகும், ஜூலையில வந்து வாங்கிக்கலாம்.

இப்ப வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கா. கேட்டேன். முதல் சுத்து நல்லா இருக்கு, ரெண்டாவது சுத்துல எட்டாவது மாத்திரை தாண்டினதும் வேகம் ஏறுது. வாத்தியார்கிட்ட காட்டச் சொல்லியிருக்கேன்.